ராகித்னாவில் களவுபோன மெழுகுவர்த்திகள்

ரக்கியா சாராயம் குடிக்கிற மூன்றாவது கிண்ணமும் ‘டப்’பென்று வெடித்தது. சூரியகாந்தி எண்ணெய் மேசை விரிப்பில் ஓட, அதன் பின்னாலேயே நெருப்பும் ஓடியது. புக்கோ பெனரோயா கையில் அகப்பட்ட துணியை எடுத்து அடி அடியென்று அடித்தார். நெருப்பு அணைந்த பிறகுதான் பார்த்தார். கையில் இருந்தது மனைவி லூனாவின் கம்பளிச் சால்வை.

"அங்க என்ன சத்தம்?" அடுத்த அறையிலிருந்து லூனா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. கிண்ணம் கை தவறிடுச்சு."

"மூணு தடவையா?"

"கையும் மூணு தடவை தவறுச்சு."

"கருகுற வாடை வருதே?"

"பக்கத்து வீட்ல ஏதோ பொரிக்கிறாங்க," என்று சொல்லிவிட்டுச் சால்வையை மேசைக்கு அடியில் தள்ளினார் புக்கோ. இந்த வீட்டில் இனிமேல் எதையும் பொரிக்க முடியாது. இருந்த கடைசிப் புட்டி எண்ணெயைத்தான் விளக்கு வைத்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று கொட்டித் தீர்த்துவிட்டாரே.

விஷயம் இதுதான். அன்று சாயங்காலம் யூதர்களான எங்களுடைய எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் முதல் விளக்கு. அவர்கள் வீட்டுப் பழைய பித்தளை எண்ணெய் விளக்கு தலைநகர் சோபியாவில் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அதற்குப் பதிலாக வந்தது மெழுகுவர்த்தி சொருகுகிற தகர விளக்கு. மெழுகுவர்த்தியும் சோபியாவிலிருந்துதான் வரவேண்டும். அங்கே இருக்கும் யூதச் சங்கத்தார் வருஷா வருஷம் ஒரு காலி வேஃபர் பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டு, கயிறு கட்டி, பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிடுவார்கள். எங்கள் நாட்டில் மருந்து, டிராக்டர் சாமான், மாமியாருக்குச் செய்த பல்செட்டு எல்லாமே பஸ் டிரைவர் கையில்தான் ஊர் விட்டு ஊர் போகும். பஸ் வரும்போது போய் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வேலை அவ்வளவுதான்.

அந்த ஒரு வேலையைத்தான் புக்கோ செய்யவில்லை. காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்தார். டான்யூப் ஆறு எங்கே, கரை எங்கே என்று தெரியாத பனி. "இந்தப் பனியில பஸ்ஸாவது வர்றதாவது," என்று சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறந்த நாளிலிருந்து ஒரு நாளும் சரியான நேரத்துக்கு வராத அந்த பஸ், அன்றைக்கென்று பார்த்துச் சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்குப் போய்விட்டது.

அதைவிடப் பெரிய வம்பு, "பெட்டி வந்துடுச்சா?" என்று லூனா கேட்டபோது, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சொல்லிவைத்ததுதான். என்ன செய்வது? லூனா போன வாரம் ரொட்டிக் கடை வாசலில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறாள். கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போடச் சொல்லி, தகர விளக்கைத் தானே தேய்த்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

"தெருவுல கடைசி ஆள் வீட்டுக்குப் போறதுக்குள்ள ஏத்திடணும் புக்கோ," என்றாள் லூனா. "பாக்கறதுக்கு ஆள் இருக்கணும். அதுக்குத்தானே ஜன்னல்ல வைக்கிறது."

"ஏத்திடலாம், ஏத்திடலாம்."

"போர்க்காலத்துல நீ முகாம்ல கல்லு உடைச்ச வருஷம்கூட நான் விடல. இந்த ஊர்ல நம்ம ஆளுங்கன்னு மிச்சம் இருக்கறது நாம ரெண்டு பேர்தான். நாம ஒரு வருஷம் விட்டா, இந்த ஊரே விட்டதா அர்த்தம். அப்புறம் யார் வந்து மறுபடி ஆரம்பிக்கப் போறா?"

புக்கோ எழுந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு, "பாலு வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டார்.

நேற்று ராத்திரியிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை. இந்தச் சமயத்தில் கடைக்குப் போய் மெழுகுவர்த்தி கேட்டால் என்ன கிடைக்கும்?

"மெழுகுவர்த்தியா?" மளிகைக் கடைக்காரர் சிரித்தார். "கரண்டு போயி விளக்கு முழுசா அணையறதுக்குள்ள எல்லாம் வித்துப்போச்சு. பேட்டரி வேணுமா?"

"பேட்டரியை நான் எங்க கொளுத்தறது?"

அடுத்தது தேவாலயம். வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் கோயில்பிள்ளை வெறும் தட்டைக் காட்டினார். "ஒண்ணே ஒண்ணு இருக்குங்க. ஆள் உயரம். பிஷப் வந்தா ஏத்தறது. வேணுமா?"

"அதை எங்க ஜன்னல்ல வச்சா வீட்டையே கொளுத்தின மாதிரிதான்."

"அப்ப பிஷப்புக்கே இருக்கட்டும்."

புக்கோ சோர்ந்துபோய் வீடு திரும்பினார். உள்ளே நுழைந்தால் ஒப்பாரி. பக்கத்து வீட்டு த்சொன்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். லூனா கிண்ணமும் கரண்டியுமாக எதையோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"வா, வா," என்றாள் லூனா. "நான் செத்துட்டேனாம். த்சொன்கா என் காரியத்துக்குக் கோதுமை வேகவெச்சு எடுத்துட்டு வந்திருக்கா. நல்லாத்தான் இருக்கு. நீயும் ஒரு கரண்டி சாப்பிடறியா?"

"என்ன உளர்றீங்க ரெண்டு பேரும்?"

"நான் எங்க உளர்றேன்?" த்சொன்கா அழுகையை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வந்தாள். "வீட்ல பொண்டாட்டி படுத்த படுக்கை. பெரியவர் முகம் வெளிறிப்போயி தேவாலயத்துல மெழுகுவர்த்தி கேட்டு அலையறார். பாத்தவங்க வேற என்ன நினைப்பாங்க? நல்லவேளை, இன்னொரு வீட்டுக் காரியத்துக்கு வேகவெச்சது அடுப்புல இருந்துச்சு, அள்ளிக்கிட்டு ஓடிவந்தேன். சாகலேன்னா சாகலேன்னு சொல்லிட்டுப் போகணும் மனுஷன்!"

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிவிட்டது. லூனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மெழுகுவர்த்தி தேடினியா புக்கோ? பெட்டிதான் வந்துடுச்சுன்னியே?"

"வந்துடுச்சு... அது... கூட ரெண்டு இருக்கட்டுமேன்னு..."

"எங்க, பெட்டியைக் காட்டு."

"பஸ் ஸ்டாண்டுல இருக்கு. இதோ, போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"பால்?"

"அதுவும் அங்கதான் இருக்கு," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஓடினார். குளிருக்குக் கழுத்தில் எதையோ சுற்றிக்கொண்டு போனவர், அது கருகிப்போன சால்வை என்பதைக் கவனிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் ஜன்னலுக்குள் சிமியோன் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சிமியோன், என் பெட்டி?"

"காலையில வண்டி வந்தப்போ நீங்க எங்க போனீங்க அண்ணே?"

"அதை விடு. பெட்டி எங்க?"

"எனக்கென்ன தெரியும்? ஆள் வராத பெட்டியையெல்லாம் டிரைவர் கமென் ராகித்னாவுல வெலிச்கா கடையில இறக்கிட்டுப் போவான். வழக்கம் அதுதான். அங்கதான் இருக்கும்."

"போன் போட்டுக் கேளேன்."

"போன் கம்பி ஆத்தங்கரையில அறுந்து கெடக்கு. போய் அதுகிட்டயே கேளுங்க."

ராகித்னா மலைச்சரிவில் இருக்கிற குக்கிராமம். அந்தப் பக்கம் பனி வாருகிற வண்டி ஒன்று அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. புக்கோ படியில் தொற்றிக்கொண்டார். அதை ஓட்டிய ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர் மாதிரி பனியைத் தள்ளிக்கொண்டே வண்டி ஊர்ந்தது. கட்டைவண்டிகூட இதை முந்திவிடும். நேரம் ஆக ஆக வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. லூனா இப்போது தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள், யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்க நினைக்கப் புக்கோவுக்கு உட்கார முடியவில்லை.

மேட்டில் ஏறித் திரும்பியதும் ராகித்னா தெரிந்தது.

அங்கேயும் கரண்ட் இல்லை. மலையும் வானமும் ஒரே இருட்டு. அந்த இருட்டுக்கு நடுவில், ஊர் முழுக்க, ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. ஒரு வீடு பாக்கியில்லை. சின்னச் சின்ன மஞ்சள் சுடர். அசையவேயில்லை.

யூதன் என்று ஒருத்தன் கால்வைக்காத ஊர் அது. அங்கே, ஹனுக்காவின் முதல் சாயங்காலத்தில், ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு! எழுபது வருஷத்தில் புக்கோ இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அவர் வீட்டு ஒற்றை ஜன்னலைத்தான் பார்த்திருக்கிறார். தன்னையறியாமல் தொப்பியைக் கையில் எடுத்தார், அப்புறம் ஞாபகம் வந்து, விளக்குக்கு முன்னால் தலையை மூடும் எங்கள் வழக்கப்படி மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். பேசாத வண்டிக்காரர்கூட எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

"லூனா இதைப் பாக்கணுமே," என்றார் புக்கோ. வண்டிக்காரர் தலையசைத்தார். லூனா யாரென்று அவர் கேட்கவில்லை.

கடைக்குள் நுழையும் வரைக்கும் புக்கோவுக்கு அந்த மயக்கம் தெளியவில்லை. வெலிச்கா பருத்த உடம்பும் சிவந்த கன்னமுமாக அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஊறுகாய்ப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, என் பெட்டி வந்திருக்கா? மெழுகுவர்த்திப் பெட்டி?"

"மெழுகுவர்த்தியா? ஒண்ணுகூட இல்லீங்களே. மத்தியானமே ஊர்க்காரங்க வந்து எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிட்டாங்க."

புக்கோவின் கண் மேசைமேல் போனது. அங்கே ஓர் அட்டைப்பெட்டி. வேஃபர் பிஸ்கட் பெட்டி. கிழித்துத் திறந்து, உள்ளே காலி. பக்கத்தில் அறுத்துப் போட்ட கயிறு.

அப்போதுதான் அவருக்குச் சுரீரென்று உறைத்தது. அந்த ஜன்னல்கள்! அத்தனையும் அவருடைய மெழுகுவர்த்தி!

"வித்துட்டியா?" அவர் போட்ட கூச்சலில் புட்டிகள் அதிர்ந்தன. "என் பொண்டாட்டியோட பண்டிகையை வித்துட்டியா?"

"ஐயா, நான் என்ன..."

"பேசாதே! கால் ஒடிஞ்சு கட்டில்ல கெடக்கா. ஜன்னலையே பாத்துட்டுக் கெடக்கா. போர் வந்தப்போ விடல, நான் முகாம்ல இருந்தப்போ விடல, சாமி கும்பிடக் கூடாதுன்னு கட்சிக்காரன் தெருவுல நின்னு வேவு பாத்தப்போகூட விடல, அவ. ஊர்ல நாங்க ரெண்டே ரெண்டு பேரு மிச்சம். இன்னிக்கு அணைஞ்சா அணைஞ்சதுதான். அதை நீ சோடா சோப்பு விக்கிற மாதிரி வித்துட்டு நிக்கறியே, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

வெலிச்கா வாயைத் திறந்தாள். மூடினாள். அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு புக்கோவைப் பார்த்தாள். புருவத்தில் பனி, கழுத்தில் கருகின சால்வை, ஒரு பூட்ஸில் கயிறு இல்லை. அவள் கன்னத்துச் சிவப்பு காது வரைக்கும் ஏறியது. இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தப்பு நடந்துபோச்சு பெரியவரே," என்றாள் கடைசியில், சன்னக் குரலில். "எத்தனை இருந்துச்சு?"

"எட்டு நாளைக்கும் சேர்த்து நாப்பத்தி நாலு. ஒண்ணு குறைஞ்சாலும் நான் இங்கேருந்து நகரமாட்டேன்!"

"வாங்க. வீடு வீடாப் போய் வாங்கிடலாம்."

ஒவ்வொரு வீட்டிலும் முதலில் வெலிச்காதான் உள்ளே போனாள். புக்கோ வாசலில் நின்றார். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. பிறகு ஒரு நீண்ட அமைதி. திருட்டுச் சாமானைத் திருப்பிக் கொடுக்க வெட்கப்படுகிறார்கள் என்று புக்கோ நினைத்துக்கொண்டார். வெட்கமாவது இருக்கிறதே என்று கொஞ்சம் சமாதானமும் ஆனார்.

முதல் வீட்டில் கன்சோ என்ற டிராக்டர்காரன் ஜன்னலில் எரிந்ததை ஊதி அணைத்துக் கொண்டுவந்து நீட்டினான்.

"பாதி எரிச்சிருக்கியே!"

"மன்னிச்சுக்குங்க. இருட்டா இருந்துச்சு."

"இருட்டா இருந்தா அடுத்தவன் பண்டிகையை எடுத்துக் கொளுத்துவியா?"

"இனிமே செய்யமாட்டேங்க," என்றான் கன்சோ, ஆறடி ஆள், பள்ளிப் பையன் மாதிரி.

இரண்டாவது வீட்டில் அண்மையில் ஞானஸ்நானம் ஆன கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி. அவர்கள் கொண்டுவந்தது நீளமான வெள்ளை மெழுகுவர்த்தி. நடுவில் நீலப் பட்டு ரிப்பன், துணியில் செய்த சின்னப் பூ.

"இதென்ன ரிப்பன்?"

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். புருஷன் குழந்தையைப் பார்த்தான்.

"அழகா இருக்கட்டும்னு கட்டினோம் தாத்தா."

"அடுத்தவன் பொருளுக்கு அலங்காரம் வேற!" என்று புக்கோ ரிப்பனை அவிழ்த்து அவள் கையில் திணித்தார். அவள் அதை மடித்து, குழந்தையின் போர்வைக்குள் செருகிக்கொண்டாள்.

மூன்றாவது வீட்டில் மெத்தோதி என்று ஒரு கிழவர், தொண்ணூறு இருக்கும். ஜன்னலில் எரிந்ததைக் கொடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பரணில் இருந்த மரப்பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய இன்னொன்றையும் எடுத்தார். கெட்டியான தேன்மெழுகு. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கோடைகால வாசனை.

"ஓஹோ! இதை மட்டும் துணியில சுத்தி ஒளிச்சு வச்சீங்களோ?"

"பத்திரமா இருக்கட்டும்னு வச்சேன்," என்றார் மெத்தோதி. "எடுத்துக்குங்க. எனக்கு இப்ப அவசரம் ஒண்ணுமில்ல."

"வயசான காலத்துல இந்த ஆசை ஆகாது ஐயா."

"ஆகாதுதான்," என்று பொக்கை வாயால் சிரித்தார் அவர்.

இப்படியே போயிற்று. ஒரு வீட்டில் மட்டும், "நான் ஒண்ணும் இவர்கிட்டேருந்து எடுக்கலியே!" என்று ஒருவன் கத்தியது வெளியே வரைக்கும் கேட்டது. அடுத்த நொடி, "ஆ!" என்று யாரோ காலை மிதித்தது போலச் சத்தம். பிறகு அவன் நொண்டிக்கொண்டே வந்து மூன்று மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிட்டு, "மறந்துட்டேன்" என்றான்.

"கையும் களவுமா பிடிபட்டா எல்லாருக்கும் மறந்துதான் போகும்," என்றார் புக்கோ.

ஒரு சின்னப் பெண் மட்டும் ஓடிவந்து, ஒரு கைப்பிடி ரோஸ் நிற மெழுகுவர்த்திகளைக் கொடுத்தாள். மெல்லிசாக, முறுக்கு முறுக்காக. புக்கோவின் முகம் மலர்ந்துவிட்டது. "இது! இதுதான் எங்களுது! பாத்தீங்களா, ஊர் முழுக்க இந்தக் குழந்தை ஒருத்திதான் வச்சது வச்சபடி வச்சிருக்கா!"

"கேக்கு இன்னும் செய்யல," என்றாள் அவள்.

"நல்ல பொண்ணு," என்று கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். கேக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

கடைசி வீட்டுப் படியிறங்கித் திரும்பிப் பார்த்தார் புக்கோ. பார்த்தவருக்குத் திக்கென்றது.

ராகித்னா இல்லை. அவர் மேட்டிலிருந்து பார்த்த ஊர் எங்கே போயிற்று? ஒரு ஜன்னலில்கூட வெளிச்சம் இல்லை. எல்லா வெளிச்சமும் அவர் கையில் இருந்த கோணிப்பைக்குள் இருந்தது. பனி மட்டும் மங்கலாக வெளுத்துத் தெரிந்தது. அந்தப் பனியில் ஊர் ஜனம் மொத்தமும் அவர் பின்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தது. கிழவர் மெத்தோதியைக்கூட யாரோ கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. ஒரு முணுமுணுப்பு இல்லை. வெலிச்காவின் அரிக்கேன் ஒன்றுதான் எரிந்தது.

இவ்வளவு நல்ல திருடர்களைப் புக்கோ வாழ்நாளில் பார்த்ததில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை.

"இது என்ன பண்டிகைங்க?" என்று கன்சோ மெல்லக் கேட்டான்.

புக்கோ கடைப் படிமேல் ஏறி நின்று சொன்னார். ரொம்பக் காலத்துக்கு முன்னால், எதிரிகள் பாழாக்கிய கோயிலை எங்கள் ஆட்கள் மீட்டார்கள். விளக்கேற்றப் பார்த்தால் சுத்தமான எண்ணெய் ஒரு சின்னக் குப்பிதான் மிச்சம், ஒரு நாளைக்குத்தான் காணும். ஏற்றினார்கள். அது எட்டு நாள் எரிந்தது. அவ்வளவுதான் கதை.

பெரிய பெரிய அற்புதம் சொல்லிக்கொள்ள அவர்களுக்கும் ஆயிரம் இருக்கிறது. ஆனாலும் இதைக் கேட்டு அந்த ஜனம் இன்னும் நெருங்கி வந்து நின்றது.

"ஒரு நாள் எண்ணெய்," என்றாள் வெலிச்கா. "எட்டு நாளா! கடை நடத்தறவளைக் கேளுங்க, அது எவ்வளவு பெரிய விஷயம்னு. எனக்குப் புல்லரிக்குது."

"உங்க வீட்டம்மா வருஷா வருஷம் இதுக்காகத்தான் ஏத்தறாங்களா?" என்று ரிப்பன் கட்டிய பெண் கேட்டாள். "பாக்கறதுக்கு யாரும் இல்லாமயே?"

"தெருவுல போற யாராவது பாப்பாங்கன்னுதான்."

"பாத்திருப்பாங்க," என்றாள் அவள்.

புக்கோவுக்குக் கண் கலங்கியது. எழுபது வருஷம் அந்தக் கதையை அவர் சொல்லியிருக்கிறார், கேட்டிருக்கிறார், நடுவில் தூங்கியும் இருக்கிறார். அது இவ்வளவு பெரிய கதை என்று இன்றைக்குத்தான், இந்தத் திருட்டு ஊரில் நின்று, அவருக்குத் தெரிந்தது. ஏதாவது செய்யாமல் இவர்களை விட்டுப் போகக் கூடாது என்று தோன்றியது.

"நீங்க தெரியாமத்தான் செஞ்சீங்க," என்று குரலை உயர்த்திச் சொன்னார். "உங்க எல்லாரையும் நான் மன்னிச்சுட்டேன்."

ஆண்கள் தொப்பியை எடுத்தார்கள். "ரொம்ப நன்றிங்க," என்றார் மெத்தோதி.

"அதோட," என்று கோணிப்பைக்குள் கையை விட்டுத் துழாவினார் புக்கோ. பெருந்தன்மை என்று வந்துவிட்டால் அவருக்குக் கை நிற்காது. "ஊரு இருட்டாக் கெடக்கக் கூடாது. இந்தாங்க, என் சார்பா ஒண்ணு. பாதி எரிஞ்சதுதான், இருந்தாலும் வச்சுக்குங்க. பண்டிகைப் பரிசு."

கன்சோ அந்தப் பாதி மெழுகுவர்த்தியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அரிக்கேனில் பற்றவைத்துக் கடை ஜன்னலில் நிறுத்தினான். சுடர் முதலில் தயங்கி, பிறகு நிமிர்ந்தது. அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புக்கோவும் பார்த்தார். யாருடைய நெருப்போ, எங்கிருந்தோ வந்து, எத்தனையோ காற்றைத் தாண்டி இங்கே வந்து நிற்கிறதே என்று இருந்தது அவருக்கு.

தூரத்தில் ஹார்ன் சத்தம். பனி வாரின பாதையில் பஸ் வந்துகொண்டிருந்தது.

"நம்ம கமென் வண்டி!" வெலிச்கா பரபரத்தாள். "ஏறுங்க பெரியவரே. அம்மா காத்திருப்பாங்க. தெருவுல ஆள் அடங்கறதுக்குள்ள போயிடலாம்." கதவு திறந்ததும் புக்கோவை உள்ளே தள்ளாத குறையாக ஏற்றிவிட்டு, டிரைவரிடம், "கமென், ஒண்ணும் பேச்சுக் குடுக்காம நேராக் கொண்டுபோய் வீட்டு வாசல்ல விடு," என்றாள்.

பேசாமல் ஓட்டு என்று கமெனிடம் சொல்வதும் மழையைப் பார்த்து நனைக்காதே என்று சொல்வதும் ஒன்று.

வண்டி நகர்ந்தது. புக்கோ முன் இருக்கையில் உட்கார்ந்து, கோணிப்பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார். இருட்டில் நின்ற ஊர் மொத்தமும் கையை ஆட்டியது.

"மடியில என்னங்க மூட்டை?" என்றான் கமென்.

"என் மெழுகுவர்த்தி. இந்த ஊர் ஆளுங்க எடுத்துக்கிட்டதை ஒண்ணு விடாம வாங்கிட்டேன். நல்ல ஜனங்கதான், பாவம், கை கொஞ்சம் நீளம். எல்லாம் உன்னாலதான்! கண்ட கண்ட கடையில என் பெட்டியை இறக்கிட்டுப் போனா வேற என்ன ஆகும்?"

கமென் பிரேக்கை மிதித்து, வண்டியை நிறுத்தி, அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் எங்கய்யா இறக்கினேன்? இந்த ஊருக்குப் பாதையே இப்பத்தானே திறந்துச்சு! கயித்தைக்கூட அவுக்காம உங்க பெட்டி காலையிலேருந்து என் சீட்டுக்கு அடியிலதானே கெடக்கு!"